இரட்டை, சண்டை, குறட்டை

வியாபாரம் படுத்துவிட்டது என்று எந்தக் கடையில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். மெத்தைக் கடையில் மட்டும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்தால் முதலாளிக்குக் கோபம் வந்துவிடும். அதனால் அந்தக் கடையில் அந்தச் சொல்லுக்கே தடை. ‘மந்தமா இருக்கு’ என்று சொல்லலாம். ‘ஈ ஓட்டறோம்’ என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கடைக்குள் படுக்கிற உரிமை மெத்தையைச் சோதிக்க வந்த வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

அந்தத் தடையை வாரத்துக்கு நாலு தடவை மீறுகிறவள் மெத்தையக்கா. வேண்டுமென்று அல்ல. வாய் அப்படி.

அங்கே அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. மெத்தை உறைக்கு விளிம்பு தைக்கத்தான் வந்தாள். ஒருநாள் விற்பனையாள் வராமல் போக, வந்திருந்த பெரியவர் ஒருவருக்கு மெத்தை காட்டப் போனாள். அவர் வாசலிலிருந்து நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, இடுப்புல இடது பக்கம்தானே வலி?” என்று கேட்டாள். பெரியவர் அப்படியே பக்கத்திலிருந்த மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த மெத்தையையே வாங்கிக்கொண்டும் போனார். அதற்குப் பிறகு அவள் தையல் எந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. தெரு முழுக்க அவளுக்கு மெத்தையக்கா என்றுதான் பேர். வீட்டுக்காரர்கூடக் கோபம் இல்லாத நேரங்களில் அப்படித்தான் கூப்பிடுவார்.

எங்கே போனாலும் உட்காருமுன் கையை மடக்கி இருக்கையில் ஒரு குத்து விடுவது அவள் பழக்கம். பஸ் சீட், பல் டாக்டர் நாற்காலி, துக்கம் விசாரிக்கப் போன வீட்டு சோபா, எதுவும் தப்பாது. துக்க வீட்டில் அவள் குத்திய குத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவர்களே ஒரு நிமிடம் அழுகையை நிறுத்தினார்கள். மகள் பட்டம் வாங்கிய அன்று எல்லாப் பெற்றோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மெத்தையக்கா பக்கத்தில் இருந்த பேராசிரியரிடம் சாய்ந்து, “இவ்வளவு பெரிய படிப்பு சொல்லிக் குடுக்கற இடம், நாற்காலில போட்டிருக்கற பஞ்சு ரெண்டாந்தரம்ங்க” என்றாள். குடும்பத்திலேயே பட்டம் என்ற ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் அந்த மகள். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

மகள் படித்தது வியாபார நிர்வாகம். அவள் படித்து முடித்து வெளியே வந்து பார்த்தால், நிர்வாகம் செய்வதற்கு ஊரில் வியாபாரம் மிச்சமில்லை. தெருவில் மூன்று கடைக்கு ஒரு கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அப்பா வேலை பார்த்த அட்டைப்பெட்டி ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிக்குள் வைக்க யாரிடமும் எதுவும் இல்லாதபோது பெட்டி எதற்கு? மிச்ச நாலு நாளும் அவர் வீட்டில் இருந்தார். அது ஒரு தனிக் கதை.

மெத்தைக் கடை முதலாளி நல்ல மனிதர். குரல் உயர்த்த மாட்டார். பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அவரிடம் ஒரே ஒரு கொள்கை உண்டு. போனில் பேசும்போது வேற்றுமொழிச் சொல் வாயில் வரக் கூடாது. நேரில் ‘கஸ்டமர்’ என்பவர், போனைக் காதில் வைத்ததும் ‘வாடிக்கையாளப் பெருமக்கள்’ என்பார். மெத்தை ஆலையில் இருபது வருடமாக ஆர்டர் எடுத்தவருக்கு இந்தத் தமிழ் பழகியிருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு ஒரு புதுப் பெண் அந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். அவளிடம் முதலாளி கணீரென்று சொன்னார்: “மெத்தை, இரட்டை, இருபது.”

‘டபுள்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை.

வேனிலிருந்து இறங்கியவை நாற்பது ஒற்றை மெத்தைகள். இரண்டிரண்டாகச் சேர்த்து, அழகாகக் கயிறு கட்டி, இருபது ஜோடி.

“நான் தெளிவாத்தானே சொன்னேன், இரட்டைன்னு?” என்றார் முதலாளி.

“அவங்களும் தெளிவாத்தான் அனுப்பியிருக்காங்க முதலாளி. ரெட்டை ரெட்டையா” என்றாள் மெத்தையக்கா.

ஆலைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒற்றை மெத்தையை மொத்தமாக வாங்குவது விடுதிக்காரர்கள்தான். விடுதியில் இருந்தவர்களோ வேலை போய் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நாற்பது மெத்தையும் கடைக்குள் கூரை தொட நின்றன. அவற்றுக்கு நடுவே இருந்த சந்தில் முதலாளி பக்கவாட்டில் நடந்து போய்வந்தார். ஒரு வாரம் அப்படி நடந்த பிறகு, சந்திலிருந்தே பேசினார்.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்மா. இந்த நாப்பதும் நகரலேன்னா ஷட்டரை இறக்கிடலாம். செல்போன் உறை விக்கிறவன் ஒருத்தன் இடத்தைக் கேக்கறான்.”

“முப்பது போனாலும் போதாதா முதலாளி?”

“நாப்பதுன்னா நாப்பது. நான் எனக்கே சொல்லிக்கிட்ட வாக்கு. மாத்தினா மறுபடி மாத்திக்கிட்டே இருப்பேன்.”

மெத்தையக்கா குத்திப் பார்க்காமலே பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தாள். அது அபூர்வம். நாற்பத்துநாலு வயதில், எனக்குக் குத்திப் பார்க்கத் தெரியும், நடையைப் பார்த்து இடுப்பு வலி சொல்லத் தெரியும் என்று எந்தக் கடைப் படியில் போய் நிற்பது? செல்போன் உறையைக் குத்திப் பார்த்து யாரும் வாங்குவதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உப்பு டப்பாவைக் காணவில்லை.

“உப்பு எங்கங்க?”

“உயர வரிசைல நாலாவது” என்றார் வீட்டுக்காரர், பெருமையாக. அன்று அவர் சமையலறை டப்பாக்களை எல்லாம் உயரப்படி அடுக்கியிருந்தார். நேற்று நிறப்படி அடுக்கியிருந்தார்.

“நாளைக்கு என்ன, அகர வரிசையா?”

“அது நல்ல யோசனை.”

“ஏங்க, ஆலைல உங்களைத் தேடவே மாட்டாங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல, இவள் அதற்கு ஒன்று சொல்ல, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த மகள் உப்பை இரண்டு பக்கமும் கைமாற்றிக் கொடுத்தாள்.

மாதக் கடைசி விஷயத்தை மெத்தையக்கா சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னாள். வீட்டுக்காரர் எழுந்து போய் டப்பாக்களைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அது அவர் ஆறுதல் சொல்கிற விதம்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அம்மா, மார்க்கெட் சர்வே எடுக்காம எதுவும் பண்ணக் கூடாது. யாருக்கு விக்கப் போறோம், அவங்களுக்கு என்ன குறை, அது தெரியணும் முதல்ல.”

“எல்லாருக்கும் முதுகுல குறை.”

“அது நீ சொல்றது. ஜனங்க சொல்லணும்.”

பதினாலு கேள்விகள் எழுதினாள். எழுதிவிட்டு இரண்டு தடவை திருத்தினாள். பஸ் நிறுத்தத்தில் மூன்று நாள் நின்றாள். கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்துச் சிலர் ஓடினார்கள். வேலை கொடுக்க வந்தவள் என்று நினைத்துச் சிலர் ஓடி வந்தார்கள். முப்பத்தொரு பேர் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மதியம் அவள் அந்தக் காகிதங்களோடு கடைக்கு வந்து, அடுக்கிய மெத்தைகளின் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“வீணாப் போச்சும்மா.”

“என்னாச்சு?”

“ஒன்பதாம் கேள்விதான் முக்கியம். ‘உங்கள் உறக்கத்துக்குப் பெரிய இடையூறு எது? மெத்தை, வெப்பம், சத்தம், மற்றவை.’ எல்லாரும் மற்றவைல டிக் பண்ணியிருக்காங்க. பண்ணிட்டு, பக்கத்துக் கோட்டுல என்ன எழுதியிருக்காங்க பாரு.”

மெத்தையக்கா வாங்கிப் பார்த்தாள். ‘அவர்.’ அடுத்ததில், ‘அவ.’ அடுத்ததில், ‘கூடப் படுக்கிற ஆள்.’ ஒருவர் மனைவியின் பெயரை முழு இனிஷியலோடு எழுதியிருந்தார். ஒரு அம்மாள், ‘எழுத இடம் போதாது’ என்று எழுதியிருந்தாள்.

மெத்தையக்கா சிரித்த சிரிப்பில் மேலடுக்கிலிருந்து ஒரு மெத்தை நழுவி விழுந்தது.

“சிரிக்காதம்மா. நாலு வருஷம் படிச்சேன். அதுல எல்லாக் கம்பெனியும் ஓடிக்கிட்டே இருக்கும். இன்னும் வேகமா ஓட வைக்கறது எப்படின்னுதான் பாடம். படுத்துப்போன கம்பெனியை என்ன பண்றதுன்னு ஒரு பக்கம்கூடக் கிடையாது. நான் படிச்சது நிஜமா, இல்ல நிஜம்னு நினைச்சுக்கிட்டிருக்கேனான்னே தெரியல.”

“அந்தச் சொல் வேண்டாமே” என்று சந்துக்குள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது.

மெத்தையக்காவுக்குச் சிரிப்பு நின்றது. காகிதங்களை மறுபடி புரட்டினாள். ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஆள் பகலெல்லாம் வீட்டில் டப்பா அடுக்குகிறார். பகலெல்லாம் முட்டிக்கொண்ட இரண்டு பேரும் ராத்திரி ஒரே மெத்தையில் படுக்க வேண்டும். ஒருவர் புரண்டால் இன்னொருவர் தூக்கிப் போடப்படுகிறார். ‘உன் பக்கம், என் பக்கம்’ என்று கோடு போட முடியாது. அவர்களுக்குத் தேவை புது மெத்தை அல்ல. இரண்டு மெத்தை. கடையில் இருப்பதோ இருபது தடவை இரண்டு மெத்தை.

“எழுந்திரு கண்ணு. வீணாகல” என்றாள்.

மறுநாள் வந்த ஒரு தம்பதியிடம் சொல்லிப் பார்த்தாள். கணவருக்கு உடனே பிடித்துவிட்டது. பிடித்த வேகத்தைப் பார்த்து மனைவிக்குப் பிடிக்கவில்லை. “ரெண்டா வாங்கிப் போட்டா பிள்ளைங்க கேக்கும்க்கா, ஏன் பிரிச்சு வெச்சிருக்கீங்கன்னு. அத்தை கேப்பாங்க. வீடு கூட்ட வர்றவங்க கேப்பாங்க. அப்புறம் நான் தெருவுக்கே பதில் சொல்லணும்” என்று போய்விட்டாள்.

பிரிந்திருக்கவும் வேண்டும், சேர்ந்திருப்பது போலவும் தெரிய வேண்டும். மெத்தையக்கா இதை யோசித்துக்கொண்டே பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றாள். அது பை ரிப்பேர் கடை. அந்த ஆளை எல்லோரும் ஜிப்பு என்று கூப்பிடுவார்கள். தெருவிலேயே மலர்ந்த முகம் அவருக்கு மட்டும்தான்.

“புதுப் பை வாங்க முடியாதவங்க எல்லாம் பழைய பைக்கு ஜிப் மாத்த வர்றாங்க மெத்தையக்கா! ஊருக்கு மந்தம், எனக்கு இடுப்பு நிமிர்த்த நேரமில்ல.”

“இடுப்பு வலிக்கு ஒரு மெத்தை...”

“வேண்டாம்.”

அவர் முன்னால் ஒரு பயணப் பை வாயைப் பிளந்து கிடந்தது. அவர் இழுத்தார். சர்ர்ரென்று மூடியது. மறுபடி இழுத்தார். பிளந்தது. மெத்தையக்கா அந்தப் பையை அவர் கையிலிருந்து பிடுங்கி, தானும் நாலு தடவை இழுத்துப் பார்த்தாள்.

“அண்ணே, இதுல ஆறடி நீளத்துக்குக் கிடைக்குமா?”

“ஆறடியா? யானைக்குப் பை தைக்கப் போறியா?”

முதல் ஜோடி இரண்டு நாளில் தயாரானது. இரண்டு மெத்தையின் உள்விளிம்பிலும் ஜிப். இழுத்தால் ஒரே மெத்தை, திறந்தால் இரண்டு. சோதனைக்கு வீட்டுக்காரரைக் கடைக்கு வரவழைத்தாள். இருவரும் படுத்தார்கள். முதலாளி, மகள், ஜிப்பு மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்றாள் மகள்.

“ரயில் தண்டவாளத்துல படுத்தாப்ல இருக்கு” என்றார் அப்பா. ஜிப் மேல்பக்கம் தைக்கப்பட்டிருந்தது. அவர் எழப் பார்த்தபோது சட்டை கூடவே வரவில்லை. ஓரம் பல்லில் மாட்டியிருந்தது. ஜிப்பு இழுத்தார், முதலாளி சட்டையை இழுத்தார், கடைசியில் ஒரு துண்டுத் துணி ஜிப்பிலேயே நின்றுவிட்டது. அவர் மிச்சச் சட்டையோடு எழுந்தார்.

ஜிப்பைக் கீழே இறக்கி, மேலே துணி மடிப்பு வைத்துத் தைத்த பிறகு சரியானது. ஒரே ஒரு குறைதான் மிஞ்சியது. திறப்பதற்கு ஒரு ஆள் போதும். மூடுவதற்கு முடியாது. ஒருவர் இழுத்துக்கொண்டு போக, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் மெத்தையைத் தள்ளி நெருக்கிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

“பெரிய குறைதான். கஸ்டமர்கிட்ட சொல்லாதீங்க” என்றார் ஜிப்பு.

“சொல்லித்தான் விக்கணும்” என்றாள் மெத்தையக்கா.

அடுத்து, பேர். மகள் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். எல்லாமே ‘கம்ஃபர்ட்’ என்று முடிந்தன. முதலாளி ‘இழுபூட்டு மெத்தை’ என்றார். ஜிப் என்ற சொல்லுக்கு அவர் வைத்த தமிழ். அது பசு மாட்டின் நோய் போல இருக்கிறது என்று ஜிப்பே ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் மகள் அழகான எழுத்தில் ‘இரட்டை மெத்தை’ என்று எழுதி வைத்தாள். ஒரு நாள் முழுக்க ஒருவரும் நிற்கவில்லை. இரட்டை மெத்தை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

மறுநாள் காலை மெத்தையக்கா ஈரத் துணியால் முன்னெழுத்துகளைத் துடைத்தாள். ‘டை மெத்தை’ அப்படியே நின்றது. முன்னால் ‘சண்’ என்று சேர்த்தாள்.

‘சண்டை மெத்தை.’ கீழே, ‘சண்டைன்னா ரெண்டு, சமாதானம்னா ஒண்ணு.’

முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “கடை வாசல்ல சண்டைன்னு எழுதி வெச்சா எவம்மா உள்ள வருவான்?”

வந்தார்கள். அதுதான் வேடிக்கை. தெருவே வந்தது. பலகை முன்னால் நின்று சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், உள்ளே வந்து ஜிப்பை இழுத்துப் பார்த்தார்கள், பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நாலு நாளில் அந்தக் கடைக்கு நாலு மாதத்தில் வராத கூட்டம். ஒரு மெத்தைகூட விற்கவில்லை.

“டிராஃபிக் இருக்கு, கன்வர்ஷன் இல்ல” என்றாள் மகள்.

“தமிழ்ல சொல்லு.”

“எல்லாரும் வர்றாங்க, எவனும் வாங்கல.”

ஏன் என்று ஐந்தாம் நாள் தெரிந்தது. ஒரு வங்கி அதிகாரி, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்தார். ஜிப்பைத் திறந்தார், மூடப் பார்த்தார், தாடையைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுக்கு இல்லைங்க. என் மச்சினனுக்கு” என்றார்.

“தாராளமா. எந்த வீடுன்னு சொல்லுங்க, வேன்ல அனுப்பிடறேன்.”

“வேன்ல... இதே பேர் போட்டா வரும்?”

“பில்லுல போட்டிருக்கும்.”

அவர் அசடு வழிய நழுவினார். அரைமணி கழித்து ஒரு டீச்சர் வந்து, தங்கைக்காகக் கேட்டு, அதே கேள்வி கேட்டு, அதே மாதிரிப் போனாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். “தங்கச்சி வீட்டுல சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாதுக்கா. சும்மா அவர் குறட்டை விடுவாரு, அவ்வளவுதான்.”

மெத்தையக்கா அவளை உற்றுப் பார்த்தாள். டீச்சர் கண்ணுக்குக் கீழே தங்கைக்கு இருக்க வேண்டிய கருவளையம் இருந்தது.

சண்டை என்றால் இரண்டு பேர் மீதும் பழி. வீட்டு விஷயம் வெளியே போகிறது. குறட்டை அப்படி இல்லை. குறட்டையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏனென்றால் குறட்டை விடுவது எப்போதும் அடுத்தவர்தான். உலகத்தில் இதுவரை யாரும் தன் குறட்டையைத் தானே கேட்டதில்லை.

“டீச்சர், ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று ஈரத் துணியை எடுத்தாள். ‘சண்’ போனது. ‘டை மெத்தை’ இரண்டாவது தடவையாகத் தனியாக நின்றது. முன்னால் ‘குறட்’ வந்தது. கீழே இருந்த வரியையும் துடைத்துவிட்டு மகள் வேறு எழுதினாள்: ‘உங்களுக்காக அல்ல. அவருக்காக.’

டீச்சர் அங்கேயே வாங்கினாள். தங்கை வீட்டு முகவரி என்று சொல்லித் தன் வீட்டு முகவரியையே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பத்து நாளில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ஜிப்புவின் இடுப்பு உண்மையிலேயே போனது, அவ்வளவு சொன்னால் போதும். கணவர்கள் வந்து மனைவியின் குறட்டையைச் செய்து காட்டினார்கள். மனைவிகள் அதைவிடச் சத்தமாகச் செய்து காட்டினார்கள். வங்கி அதிகாரி திரும்பி வந்து, “மச்சினனுக்குக் குறட்டைங்க” என்று தலை நிமிர்ந்து கேட்டு வாங்கிப் போனார். ஒரு ஜோடி கடைக்குள்ளேயே ஜிப்பின் இழுப்பான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முட்டிக்கொண்டது.

“தலைமாட்டுல இருக்கட்டும், நான்தான் முதல்ல எழுந்திருக்கறேன்.”

“நீ எழுந்திருக்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கால்மாட்டுல வைங்க.”

“ரெண்டு இடத்துலயும் வெச்சுத் தர்றேன்” என்று மெத்தையக்கா பஞ்சாயத்தை முடித்தாள். அன்றிலிருந்து எல்லா மெத்தைக்கும் இரண்டு இழுப்பான். மூடுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் திறப்பது எப்படி என்றுதான் கேட்டார்கள்.

மாதக் கடைசி நாள். பத்தொன்பது ஜோடி போயிருந்தது. மிச்சம் இருந்தது முதலில் தைத்த ஜோடி. ஜிப்பில் வீட்டுக்காரரின் சட்டைத் துண்டு இன்னும் மாட்டியிருந்த ஜோடி. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அந்தத் துண்டைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். மதியம் செல்போன் உறைக்காரன் அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போனான். அவன் நடையில் எந்த வலியும் இல்லை என்பதை மெத்தையக்கா கவனித்தாள். அதுவே எரிச்சலாக இருந்தது.

“முதலாளி, முப்பத்தெட்டு.”

“தெரியும்மா.”

“ரெண்டுதான் குறையுது.”

“நாப்பதுன்னா நாப்பது” என்றார் முதலாளி. ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. சந்து இல்லாத கடையில் எப்படி நடப்பது என்று தெரியாதவர் போல அந்த ஜோடியையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு தடவை இழுப்பானைத் தொட்டுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“இது... என் மச்சானுக்கு ஆகும்னு நினைக்கறேன். அவன் வீட்டுல கொஞ்சம் குறட்டை.”

மெத்தையக்கா முகத்தை மரம் போல வைத்துக்கொண்டாள். “மச்சானுக்கு இழுப்பான் எந்தப் பக்கம் வேணும் முதலாளி? இதுல ஒண்ணுதான் இருக்கு.”

“என் பக்... அவன் பக்கம்.”

வேனில் ஏற்றினார்கள். முதலாளி ஷட்டரைத் தானே இறக்கிப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெத்தை நனையக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நாற்பதும் நகர்ந்தாயிற்று, ஆனால் கடைசி இரண்டை முதலாளியே வாங்கினால் அது விற்றதாகுமா? வீட்டில் மூன்று பேரும் இதையே பேசினார்கள்.

“கணக்குப்படி சேல்தான்” என்றாள் மகள்.

“அவர் கொள்கைக்காரர். உள்ளே எடுத்தது சேராதும்பார்” என்றார் வீட்டுக்காரர். பிறகு, “நமக்கும் ஒரு ஜோடி கிடைச்சா நல்லா இருக்கும்” என்றார்.

“நமக்கு எதுக்கு?”

“நீ குறட்டை விடற.”

“நானா!”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெத்தையக்கா கடை வாசலில் நின்றாள். ஷட்டர் பூட்டியிருந்தது. ஒன்பதேகால் ஆனது. செல்போன் உறைக்காரன் வந்து மூன்றடி தள்ளி நின்றுகொண்டான். ஒன்பதரை ஆனது. ஜிப்பு தன் கடைக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் முதலாளி ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவள் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

போன் அடித்தது. முதலாளி.

“மெத்தையக்கா,” குரலில் பதற்றம். “திறந்துட்டேன். மூட முடியல.”

அவள் ஷட்டரைப் பார்த்தாள். பூட்டு தொங்கியது. “எதைத் திறந்தீங்க முதலாளி? நான் வாசல்லதான் நிக்கறேன். பூட்டித்தானே இருக்கு?”

“கடையை இல்லம்மா! இழுபூட்டை! காலைலேருந்து இழுக்கறேன், ஒரு பக்கம் சேர்த்தா மறுபக்கம் ஓடுது!”

“மச்சான் வீட்டுலேருந்தா பேசறீங்க?”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, “ஆமா” என்றார்.

“அப்ப மச்சான்கிட்ட சொல்லுங்க. திறக்கத்தான் ஒரு ஆள். மூடறதுக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்கணும். விக்கறப்ப எல்லார்கிட்டயும் சொன்னேனே. வீட்டம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்க.”

“கூப்பிடலாம்... நாலு நாளா பேச்சுவார்த்தை இல்ல.”

“மச்சானுக்கா?”

“அவனுக்குத்தான்.”

போனுக்குள்ளே தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. “எந்த மச்சான்? நகருங்க. ஒத்தை ஆளா எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவீங்க? அந்தப் பக்கம் போய் நல்லா நெருக்கிப் பிடிங்க. இது என்ன, யார் சட்டை இது?” அப்புறம் ஏதோ முணுமுணுப்பு. ஒரு முக்கல். நீளமாக ஒரு சர்ர்ர்.

அதற்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. முதலாளி சிரித்து அவள் கேட்டதில்லை.

“மூடியாச்சும்மா” என்றார் அவர், மூச்சு வாங்க.

மெத்தையக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “கடையையா முதலாளி?”

“கடையை எதுக்கு மூடறது? குளிச்சுட்டு வர்றேன், சாவி என்கிட்டதான் இருக்கு. அந்த உறைக்காரன் வந்தா வேற இடம் பார்க்கச் சொல்லு. அதுக்குள்ள ஆலையைத் தொலைபேசில கூப்பிட்டு இன்னொரு நாப்பது சொல்லிடு.”

“ஒத்தை மெத்தைன்னு சொல்லிடறேன்.”

“ஐயோ, வேண்டாம்மா” என்றார் முதலாளி அவசரமாக. “ஒத்தைன்னா அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணு அனுப்பி வெச்சுடும்.” போனில் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்தில் யாருக்கும் காது கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினார். “சிங்கிள்னே சொல்லு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத.”